பட்டமும் உரிமமும் விருதும்: பெயரோடு சேரும் எழுத்துகளை யார் தருகிறார்கள்?

மலேசியாவின் பினாங்கிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நடக்கும் ஒரு கும்பாபிஷேகத்தின் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தால், உபயதாரர் பட்டியலில் 'டத்தோ டாக்டர்' என்று தொடங்கி, நடுவே ஒரு பெயரைத் தாங்கி, 'டி.எஸ்.பி.என்., பி.கே.டி., பி.ஜே.கே., ஜே.பி., பி.ஏ. ஆனர்ஸ்' என்று முடியும் வரி ஒன்றாவது இருக்கும். அந்த ஒற்றை வரியில் மாநில அரசு கொடுத்தது, பல்கலைக்கழகம் கொடுத்தது, பதவியாக வந்தது எல்லாம் ஒரே அளவு எழுத்தில் கலந்து கிடக்கின்றன. டி.எஸ்.பி.என்., பி.கே.டி., பி.ஜே.கே. ஆகிய மூன்றும் பினாங்கு மாநில விருதுகள்; ஜே.பி. என்பது சமாதான நீதிபதி என்ற நியமனம். கடைசியில் ஒதுங்கி நிற்கும் பி.ஏ. மட்டுமே படித்துப் பெற்றது. முன்னால் இருக்கும் 'டாக்டர்' மருத்துவத்தால் வந்ததா, ஆய்வேட்டால் வந்ததா, மேடையில் போர்த்தப்பட்ட சால்வையோடு வந்ததா என்பதை அந்த வரி சொல்வதில்லை.

கோயில் அழைப்பிதழில் இந்தக் கலவையால் யாருக்கும் பெரிய நட்டம் இல்லை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். அல்லது ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு எந்தப் படிப்பில் சேருவது என்று யோசிக்கும் மாணவருக்கும், பட்டம் வாங்கி வேலை தேடும் இளைஞருக்கும் அது பணமும் ஆண்டுகளும் சம்பந்தப்பட்ட விஷயம். மலேசியாவில் கல்வித் தகுதியைத் தருவது ஓர் அதிகாரம், தொழில் செய்யும் உரிமத்தைத் தருவது இன்னோர் அதிகாரம், விருதுப் பெருமையைத் தருவது வேறோர் அதிகாரம். ஒன்றைப் பெற்றவர் மற்றதையும் பெற்றுவிட்டதாக எண்ணிக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் பட்டம் வழங்கும் அதிகாரத்தைப் பார்க்கலாம். சிங்கப்பூரில் இருந்த ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1959-இல் அதற்குக் கோலாலம்பூரில் ஒரு பிரிவு ஏற்பட்டு, 1962-இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. பினாங்கில் 1969-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் இன்று மிண்டன் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமாக, நம்மவர் வாயில் யூ.எஸ்.எம். ஆக இருக்கிறது. நீண்ட காலத்துக்கு இவை போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே உள்நாட்டில் பட்டம் வழங்க முடிந்தது. தனியார் கல்லூரிகளுக்கு அந்த அதிகாரம் இல்லாததால், 1980-களில் அவை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து, முதல் ஓரிரு ஆண்டுகளை இங்கேயும் மிச்சத்தை இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ முடிக்கும் இரட்டைப் படிப்புகளைக் கொண்டுவந்தன. 1990-களின் இறுதியில் மூன்று ஆண்டுகளையும் இங்கேயே முடிக்கும் 'திரீ பிளஸ் ஜீரோ' முறை வந்தது. சுபாங் ஜெயாவை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத பட்டதாரியின் பட்டச்சுருளில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருப்பதற்கு இதுவே காரணம். அதில் மோசடி எதுவும் இல்லை. பட்டம் வழங்கியது அந்தப் பல்கலைக்கழகம், கற்பித்தது இந்தக் கல்லூரி.

இந்தப் பெருக்கத்தை ஒழுங்குபடுத்த 1996-இல் தனியார் உயர்கல்விக்கூடங்கள் சட்டம் வந்தது. அமைச்சின் அனுமதி இல்லாமல் ஒரு நிறுவனம் 'பல்கலைக்கழகம்' என்ற பெயரைச் சூட்டிக்கொள்வதும் பட்டம் வழங்குவதும் அதன்படி குற்றம். தனியார் படிப்புகளின் தரத்தைப் பார்க்க 'லான்' என்று அழைக்கப்பட்ட தேசிய அங்கீகார வாரியம் அமைக்கப்பட்டது. பின்னர் 2007-இல் லானும், அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் தரத்தைக் கவனித்துவந்த அமைச்சின் பிரிவும் ஒன்றாக்கப்பட்டு, மலேசியத் தகுதி முகமையாகிய எம்.கியூ.ஏ. பிறந்தது. இன்றைக்கு அரசாங்கம், தனியார், வெளிநாட்டுக் கிளை என்ற வேறுபாடின்றி எல்லா உயர்கல்விப் படிப்புகளும் எம்.கியூ.ஏ. வகுத்த ஒரே ஏணியில்தான் ஏறியாக வேண்டும்.

அந்த ஏணிக்கு எட்டுப் படிகள். முதல் மூன்றும் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா, ஆறாவது இளங்கலைப் பட்டம், ஏழாவது முதுகலை, எட்டாவது முனைவர் பட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சக் கிரெடிட் உண்டு. டிப்ளோமாவுக்கு 90, இளங்கலைக்கு 120, பாட முறையில் படிக்கும் முதுகலைக்கு 40. ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, நூலகம், வீட்டுப்பாடம், தேர்வு எல்லாம் சேர்த்து 40 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆகவே இளங்கலைப் பட்டம் என்பது ஏட்டளவில் 4,800 மணி நேரம். ஆய்வு முறையிலான முனைவர் பட்டத்துக்குக் கிரெடிட் கணக்கே கிடையாது, ஆய்வேடுதான் அளவுகோல்.

இந்த ஏணியில் ஏறுகிறவர்கள் அதிகம் வழுக்கும் இடம் பெயர் ஒற்றுமைதான். கிராஜுவேட் டிப்ளோமா ஆறாம் படியில் இருக்கிறது. போஸ்ட்கிராஜுவேட் டிப்ளோமா ஏழாம் படியில் இருக்கிறது. வெறும் டிப்ளோமா நான்காம் படியில் இருக்கிறது. இவை மூன்றையும் தாண்டி, வார இறுதி வகுப்புகளில் வேலைக்குப் போகிறவர்களுக்காக நடத்தப்படும் 'எக்ஸிகியூட்டிவ் டிப்ளோமா' என்றொன்று உண்டு. பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களின் தொடர்கல்விப் பிரிவுகளே அவற்றை நடத்துவதால், முத்திரையைப் பார்த்து மக்கள் நம்புகிறார்கள். பெரும்பாலான எக்ஸிகியூட்டிவ் டிப்ளோமாக்கள் எட்டுப் படிகளுக்குள் வருபவை அல்ல. அவை தொழில்திறன் பயிற்சிகள். பயிற்சி என்ற அளவில் அவற்றில் பயனுள்ளவை இருக்கின்றன. அதைக் காட்டி அரசாங்க வேலைக்கு டிப்ளோமா தகுதியில் விண்ணப்பிக்கலாம் என்றோ, அதற்கு மேல் இளங்கலைக்கு நேராகப் போகலாம் என்றோ முகவர் ஒருவர் சொன்னால், சேரும் முன் அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எழுத்தில் தர மறுப்பதே போதுமான பதில் என்பது என் எண்ணம்.

எட்டுப் படிகளுக்குள் வரும் படிப்புகளிலும் இரண்டு நிலை அங்கீகாரம் உண்டு என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கல்லூரி புதிய படிப்பைத் தொடங்க வேண்டுமானால் முதலில் தற்காலிக அங்கீகாரம் பெற வேண்டும். பாடத்திட்டம், ஆசிரியர்கள், வசதிகள் காகிதத்தில் சரியாக இருக்கின்றனவா என்பதை அந்தக் கட்டத்தில் பார்க்கிறார்கள். முதல் அணி மாணவர்கள் இறுதி ஆண்டுக்கு வரும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கிறது. அப்போது நேரில் வந்து, மாணவர்களிடம் பேசி, விடைத்தாள்களைப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே புதிய படிப்பில் சேரும் முதல் அணி மாணவர் எப்போதும் சிறிது துணிச்சலோடுதான் சேருகிறார். கல்லூரி விளம்பரங்களில் படிப்பின் பெயருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தில், அடைப்புக்குறிகளுக்குள் எண்களும் எழுத்துகளும் அச்சிடப்பட்டிருக்கும். அதில் எம்.கியூ.ஏ. என்பதை அடுத்து 'எஃப்.ஏ.' என்று இருந்தால் முழு அங்கீகாரம், 'பி.ஏ.' என்று இருந்தால் தற்காலிகம். மாதமும் ஆண்டும் போல் இருக்கும் எண், அந்தப் படிப்பை நடத்தக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி முடியும் தேதி. விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் மாணவியின் படத்தைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்லும்.

எம்.கியூ.ஏ. தன் இணையத்தளத்தில் வைத்திருக்கும் தகுதிப் பதிவேட்டில் கல்லூரியின் பெயரைத் தட்டினால், அங்கீகாரம் பெற்ற படிப்புகள் வரும். கல்லூரியின் பெயர் இருப்பது போதாது. நாம் சேரும் அதே படிப்பு, அதே வளாகம், முழுநேரமா பகுதிநேரமா என்பதுகூடப் பொருந்த வேண்டும். ஒரே கல்லூரியின் கோலாலம்பூர் வளாகத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்பு பினாங்கு வளாகத்தில் பெறாமல் இருக்கலாம். பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனும் அங்கீகாரத்தோடு கட்டப்பட்டது என்பதால், 'இந்தப் படிப்புக்குக் கடன் கிடைக்காது, கல்லூரியே தவணை முறை வைத்திருக்கிறது' என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று காரணம் கேட்பது நல்லது. பழைய பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கும் வெளிநாட்டுக் கிளை வளாகங்கள் சிலவற்றுக்கும் தங்கள் படிப்புகளுக்குத் தாங்களே அங்கீகாரம் கொடுத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது. அவற்றின் படிப்புகளும் அதே பதிவேட்டில்தான் வருகின்றன.

இனி உரிமம். நம் சமூகத்தில் பிள்ளையை டாக்டராகவோ வக்கீலாகவோ இன்ஜினியராகவோ பார்க்கும் ஆசைக்கு நீண்ட வரலாறு உண்டு. தோட்டத்திலிருந்து வெளியேற அந்த மூன்று கதவுகள்தாம் கண்ணுக்குத் தெரிந்தன. மூன்றிலும் பட்டம் என்பது பாதி வழிதான்.

பொறியியலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நான்கு ஆண்டு படித்துப் பொறியியல் பட்டம் பெறுகிறார். அந்தப் பட்டம் எம்.கியூ.ஏ.வின் ஏணியில் ஆறாம் படியில் இருப்பதோடு, பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும். 2009-இல் மலேசியா வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினரானதால், அந்த ஒப்புதல் உள்ள பட்டத்துக்கு உடன்பாட்டில் கையெழுத்திட்ட மற்ற நாடுகளிலும் மதிப்பு உண்டு. பட்டம் பெற்ற பின் 1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு குறைந்தது மூன்று ஆண்டு நடைமுறை அனுபவம், தொழில்முறை மதிப்பீட்டுத் தேர்வு. இவற்றைக் கடந்தவரே தொழில்முறைப் பொறியாளர். அவர் பெயருக்கு முன்னால்தான் 'ஐ.ஆர்.' என்ற எழுத்துகள் வரலாம். 2015-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கட்டட வரைபடங்களில் கையெழுத்திட்டு அதிகாரிகளிடம் சமர்ப்பிக்க அதற்கு மேலும் ஒரு தொழில் நடத்தும் சான்றிதழ் வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 'இன்ஜினியர்' என்று அட்டை தொங்கவிட்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதெல்லாம் தேவைப்படுவதில்லை, ஏனென்றால் அது நிறுவனம் கொடுத்த பதவிப்பெயர். சொந்தமாக ஆலோசனை நிறுவனம் தொடங்க நினைக்கும் நாளில்தான் அந்த அட்டைக்கும் வாரியத்தின் பதிவுக்கும் உள்ள தூரம் தெரியவருகிறது. பதிந்துகொள்வதைப் பத்தாண்டு தள்ளிப்போட்டவர், அனுபவத்தை மேற்பார்த்துக் கையெழுத்திடத் தகுதியான மூத்த பொறியாளரைத் தேடி அலைவதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

சட்டத்தில் வேறு வழி. மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் எல்.எல்.பி. பட்டதாரிகள் நேராகச் சேம்பரிங் எனப்படும் ஒன்பது மாதப் பயிற்சிக்குப் போகலாம். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி எல்.எல்.பி.யைக் கோலாலம்பூரில் இருந்தபடியே படித்தவர், அதற்கு முன் சி.எல்.பி. என்னும் தேர்வைத் தாண்ட வேண்டும். மாலைநேர வகுப்பில் எல்.எல்.பி. முடித்துச் சி.எல்.பி.யில் மாட்டிக்கொண்டு, கடைசியில் வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ சட்டப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் சட்டப் பட்டதாரிகள். நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்கள் அல்லர். இரண்டும் மதிப்புள்ளவை, ஆனால் உறவினர் ஒருவருக்கு வீடு வாங்க ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் உரிமை முன்னவருக்கு இல்லை.

மருத்துவத்தில் இந்த இடைவெளி சமூகத்தையே உலுக்கிய தருணம் ஒன்று உண்டு. வெளிநாட்டு மருத்துவப் பட்டம் மலேசியாவில் நேராகச் செல்லுபடியாக, அந்தப் பல்கலைக்கழகம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். 2005-இல் உக்ரேனின் கிரைமியாவில் இருந்த ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை அரசாங்கம் விலக்கிக்கொண்டபோது, பிள்ளைகளை அங்கே அனுப்பியிருந்த இந்தியப் பெற்றோர் பலர் தவித்துப் போனார்கள். அந்தப் பல்கலைக்கழகம் தன் நாட்டில் உண்மையான பல்கலைக்கழகம்தான். அது கொடுத்த பட்டமும் உண்மையானதுதான். இங்கே ஊசி போடும் உரிமையைத் தருவது யார் என்பதுதான் கேள்வி. பட்டம் பெற்றவர் இடைக்காலப் பதிவு பெற்று, அரசாங்க மருத்துவமனையில் ஹவுஸ்மேன் எனப்படும் பயிற்சி மருத்துவராக இருந்து, 2008 முதல் இரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்ட அந்தப் பயிற்சியை முடித்த பிறகுதான் முழுப் பதிவு. அதன் பின்னும் ஆண்டுதோறும் தொழில் நடத்தும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

கணக்கியலில் ஏ.சி.சி.ஏ. என்னும் தொழில்முறைக் கணக்காளர் சங்கத்தின் தேர்வுகளை எல்லாம் முடித்த மாணவர், அனுபவ நிபந்தனையை நிறைவேற்றி உறுப்பினராகும் வரை அந்த எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட முடியாது. மலேசியாவில் பட்டயக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளக் கணக்காளர் கழகமான எம்.ஐ.ஏ.வில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். கட்டடக் கலைஞருக்கு 'ஏ.ஆர்.', நில அளவையாளருக்கு 'எஸ்.ஆர்.' என்பனவும் இவ்வகையே. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தொழில்நுட்பர் வாரியம் தரும் 'டி.எஸ்.' என்பது இந்த வரிசையில் புதிது. பொறியாளர் வாரியத்தின் எல்லைக்குள் வராத தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கு அது ஒரு கௌரவமான இடத்தைத் தந்திருக்கிறது.

கல்லூரி வழியாக வராதவர்களுக்கும் இந்த ஏணியில் கால் வைக்க இடம் உண்டு. எஸ்.பி.எம்.மோடு நிறுத்திக்கொண்டு வெல்டிங், குளிர்சாதனம், மின்கம்பி வேலை என்று போன இளைஞர்கள் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை ஒன்றிலிருந்து மூன்றாம் நிலைவரை பெறலாம். நான்காவது நிலை திறன் டிப்ளோமா, ஐந்தாவது திறன் உயர் டிப்ளோமா. இவையும் அதே எட்டுப் படி ஏணியில் முறையாக இடம் பெற்றவை. நம் குடும்பங்களில் இவற்றை 'படிக்காத பிள்ளை செய்தது' என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. எழுதிக் கொடுத்த வாக்குறுதி எதுவும் இல்லாத எக்ஸிகியூட்டிவ் டிப்ளோமாவுக்குச் சட்டகம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறவர்கள், எஸ்.கே.எம். மூன்றாம் நிலைச் சான்றிதழை அலமாரிக்குள் வைப்பது வேடிக்கைதான்.

வேலை அனுபவத்தைத் தகுதியாக மாற்றும் வழிக்கு 'ஏப்பல்' என்று பெயர். பணி அனுபவத்தில் கற்றதை எம்.கியூ.ஏ.வின் மேற்பார்வையில் சோதித்து, படிப்பில் சேரத் தகுதி உண்டா என்று முடிவு செய்வார்கள். இளங்கலையில் இவ்வழியே நுழையக் குறைந்தது 21 வயதும், முதுகலைக்கு 30 வயதும் ஆகியிருக்க வேண்டும். சேர்க்கைக்கான இந்த ஏப்பல் நுழைவுச்சீட்டு மட்டும். இவ்வழியே சேர்ந்தவர் பட்டத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும். 'உங்கள் இருபது ஆண்டு அனுபவத்துக்கு நேராக முதுகலைப் பட்டம்' என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் விளம்பரங்கள் பல இந்த ஏப்பலின் பெயரைத்தான் இரவல் வாங்கிக்கொள்கின்றன. தொலைக்கல்விக்கு இங்கே நல்ல மரபு இருக்கிறது. யூ.எஸ்.எம். 1971-இலேயே வளாகத்துக்கு வெளியே இருந்து படிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2000-இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006-இல் ஜார்ஜ்டவுனில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. சான்றிதழோடு பணியில் சேர்ந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் படித்துப் பட்டதாரி ஆசிரியர்களானது தொலைக்கல்வியால்தான். அவர்கள் பட்டச்சுருளுக்கும் முழுநேர மாணவரின் பட்டச்சுருளுக்கும் ஏணியில் ஒரே படி.

இப்போது 'டாக்டர்'. முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின் வாய்மொழித் தேர்வு நடக்கும். அன்று மாலையே முகநூலில் 'டாக்டர்' என்று வாழ்த்துகள் குவிந்துவிடும். உண்மையில் பெரும்பாலானோருக்கு அன்று கிடைப்பது திருத்தப் பட்டியல். சிறு திருத்தமா பெரிய திருத்தமா என்பதைப் பொறுத்துச் சில வாரங்களோ பல மாதங்களோ ஆகும். திருத்திய ஆய்வேட்டை ஏற்று, பல்கலைக்கழக செனட் பட்டத்தை உறுதி செய்யும் நாளில்தான் அந்த எழுத்துகள் உரியவருக்குச் சேரும். பட்டமளிப்பு விழா அதற்கும் பிந்தியது; அதுவரை செனட் கடிதமே சான்று. இளங்கலை மாணவருக்கும் இதே கணக்குதான்: கடைசித் தேர்வு எழுதிய நாளுக்கும் செனட் கடிதத்துக்கும் இடையில் அவர் 'இறுதி ஆண்டு மாணவர்' அல்லது 'முடிவுக்குக் காத்திருப்பவர்' என்று எழுதலாம். 'பி.எச்டி. கேண்டிடேட்' என்பதை ஒரு பட்டம் போலப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. அது பட்டம் அன்று, ஒரு நிலை.

மதிப்புறு முனைவர் பட்டம் பற்றிப் பேசுவது நம்மிடையே சங்கடமானது, ஏனெனில் அதைப் பெற்றவர்கள் மேடையில் முன்வரிசையில் இருப்பார்கள். ஒரு முறையான பல்கலைக்கழகம், பட்டமளிப்பு விழாவில் தன் வேந்தர் கையால், பொதுவாழ்வில் பெரும்பணி செய்தவருக்கு அந்தப் பட்டத்தைத் தருவது உயர்ந்த கௌரவம். உலகப் பல்கலைக்கழகங்களின் பொது மரபில் அதைப் பெற்றவர் தம் பெயருக்கு முன் 'டாக்டர்' என்று இட்டுக்கொள்வதில்லை. குறிப்பிட வேண்டிய இடத்தில் 'மதிப்புறு' என்ற அடைமொழியோடு பின்னால் குறிப்பிடுவார்கள். விடுதி மண்டபத்தில் ஒரு மாலை, கட்டணம் கட்டிய முப்பது பேருக்கு, எந்த நாட்டுப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு 'சர்வதேசப் பல்கலைக்கழகம்' அங்கியும் சுருளும் தருவது வேறு வியாபாரம். அந்தச் சுருளைப் பெற்றுக்கொண்டவரும் அடுத்த வாரமே 'டாக்டர்' ஆகிவிடுகிறார். அவர் மருத்துவ மூலிகை விற்பவராகவும் இருந்துவிட்டால் ஆபத்து இரட்டிப்பு: மருத்துவப் பதிவு இல்லாதவர் மருத்துவராகக் காட்டிக்கொள்வது மருத்துவச் சட்டத்தின்கீழ் குற்றம்.

போலிப் பட்ட வியாபாரத்தின் அளவை உலகம் அறிந்தது 2015-இல். கராச்சியில் இருந்த ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் 300-க்கும் மேற்பட்ட இணையத்தளங்களை நடத்திவந்ததை அந்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளேடு வெளிப்படுத்தியது. இவ்வகை நிறுவனங்கள் பெயரிலேயே பாதி வேலையை முடித்துவிடும். புகழ்பெற்ற ஊர்ப்பெயரோடு 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். 2019-இல் மலேசியாவின் துணையமைச்சர் ஒருவர் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றவர் என்று சொல்லப்பட்டு, பின்னர் அது புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அன்று, கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் பல்கலைக்கழகம் என்று அவரே விளக்க நேர்ந்தது. போலிப் பட்டச்சுருளை வேலைக்காகக் காட்டினால் தண்டனைச் சட்டத்தின் 471-ஆம் பிரிவு பாயும் என்பதை வாங்குகிறவர்களிடம் விற்கிறவர்கள் சொல்வதில்லை.

'பேராசிரியர்' என்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. முனைவர் பட்டம் வாழ்நாள் முழுதும் ஒருவரோடு இருக்கும்; பேராசிரியர் என்பது பதவி. விரிவுரையாளர், மூத்த விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று ஏறி வந்தவர், பணியை விட்டு விலகும்போது கொள்கையளவில் அதையும் விட்டுச் செல்கிறார். ஓய்வுக்குப் பின்னும் அதை வைத்துக்கொள்ளச் சிலருக்குத் தரப்படுவதுதான் 'எமரிட்டஸ்'. எல்லாவற்றுக்கும் மேலே அரசப் பேராசிரியர் என்ற பெருமை ஒன்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த உங்கு அப்துல் அஜீஸுக்கு 1978-இல் அது வழங்கப்பட்டது. தொழில்துறையிலிருந்து ஓரிரு ஆண்டுக்கு அழைக்கப்படும் 'அட்ஜங்ட்' பேராசிரியர்கள், தவணை முடிந்த பின்னும் அந்த அடைமொழியை வெட்டிவிட்டுப் 'பேராசிரியர்' என்றே தொடர்வதைப் பார்க்கிறோம்.

டத்தோ, டான்ஸ்ரீ போன்றவை மாமன்னரும் சுல்தான்களும் மாநில ஆளுநர்களும் வழங்குபவை; கல்விக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. போலி விருதுகள் பெருகியதால் 2017-இல் அதற்கென்றே விருதுகள் தொடர்பான குற்றங்களுக்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எழுதும் வரிசையில் பதவி முதலில், விருது அடுத்து, பட்டம் அதற்கடுத்து வருவது இங்குள்ள வழக்கம்: 'பேராசிரியர் டத்தோ டாக்டர்' என்பது போல. பெயருக்குப் பின்னால் விருது எழுத்துகளை முதலிலும் கல்வித் தகுதியை அதன் பின்னும் வைப்பார்கள்.

புதிதாகப் பட்டம் பெற்ற ஒருவர் தம் தகுதியை எழுதும்போது பட்டம், துறை, வழங்கிய பல்கலைக்கழகம், ஆண்டு ஆகிய நான்கையும் எழுதிவிட்டால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். எழுத்துச்சுருக்கம் துறையைச் சொல்லாது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தொடங்கி, தனிநாயகம் அடிகள் தலைமை வகித்த இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் இலக்கியத்தில் ஊறியவரும், அதே புலத்தில் புவியியல் படித்தவரும் பி.ஏ. என்ற இரண்டு எழுத்துகளுக்குள்தான் அடங்குகிறார்கள். உள்ளூர்க் கல்லூரியும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் ஒரே படிப்புக்கு இரண்டு சுருள்கள் தரும் இரட்டை விருது முறையில் படித்தவர், இரண்டு தனித்தனிப் படிப்புகளை முடித்ததாக எழுதக்கூடாது. ஒரே படிப்புக்கு இரண்டு நிறுவனங்கள் சுருள் தந்ததாகவே எழுத வேண்டும். முதல் வகுப்புக்கு எத்தனை புள்ளி என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுவதால், 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று மட்டும் எழுதுவதைவிடச் சி.ஜி.பி.ஏ. புள்ளியைக் குறிப்பது நேர்மை.

முதலாளிகள் இன்று பட்டச்சுருளின் நகலை மட்டும் நம்புவதில்லை. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கிறார்கள். 2018-இல் கல்வி அமைச்சு அறிமுகப்படுத்திய மின்பட்டச்சுருள் முறையில், சுருளில் உள்ள கியூ.ஆர். குறியைக் கைப்பேசியால் படித்தாலே உண்மை தெரிந்துவிடும். நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் பட்டச்சுருளில் வரும். பிறப்புப் பதிவின்போது எழுத்தர் எழுதிய 'சுப்ரமணியம்' ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி, அதோடு இன்னாரின் மகன், மகள் என்று பொருள்படும் 'அ/லெ', 'அ/பெ' ஒட்டுகள் கடப்பிதழில் ஒருவிதமாகவும் சுருளில் ஒருவிதமாகவும் அச்சாகும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கோ தொழில் வாரியப் பதிவுக்கோ விண்ணப்பிக்கும்போது இந்த எழுத்து வேறுபாட்டுக்காகச் சத்தியப்பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். பட்டமளிப்புக்கு முன் பல்கலைக்கழகங்கள் பெயரைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பும் படிவத்தை மாணவர்கள் அங்கி வாடகைப் படிவத்தோடு சேர்த்து அவசரமாக நிரப்பிவிடுகிறார்கள். சுருள் அச்சாகும் முன் அந்தப் படிவத்தில் ஒரு எழுத்தைத் திருத்துவது எளிது. அச்சான பின் திருத்த விண்ணப்பமும் கட்டணமும் காத்திருப்பும் தேவைப்படும்.